பாலியல் வன்முறைக்குப் பிறகு தெரபி: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களோடு ஆலோசகராகப் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். தெரபிக்குப் புதிதாக வருகிறவர்கள் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். சிலர் முதல் நாளே முழுவதையும் கொட்டிவிட்டு, அன்றிரவு கண் மூட முடியாமல் தவித்து, அடுத்த வாரம் வராமலே நின்றுவிடுகிறார்கள். இன்னும் சிலர் வாரம் தவறாமல் வருவார்கள். வேலை, வீடு, தூக்கம் எல்லாம் பேசுவார்கள், நடந்ததை மட்டும் தொடவே மாட்டார்கள். இரண்டு வருடம் ஓடியிருக்கும், கெட்ட கனவு அப்படியே இருக்கும். அவசரத்துக்கும் தள்ளிப்போடுவதற்கும் நடுவில் ஒரு வரிசை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

‘நீங்கள்’ என்று நான் சொல்வது வன்முறைக்கு ஆளானவரை. ஆண், பெண், திருநர் யாராக இருந்தாலும் வரிசை ஒன்றுதான். நடந்து மாதங்களோ வருடங்களோ ஆகிவிட்டால் 3-வது பகுதியிலிருந்து தொடங்கலாம். கூட நிற்பவர்கள் 9-வது பகுதியை முதலில் படியுங்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. நெஞ்சு படபடத்தால் மூடி வைத்துவிட்டு நாளைக்கு வாருங்கள்.

1. முதல் சில நாட்கள்: உடம்புதான் முதலில்

மனதைப் பற்றி யோசிப்பதற்கு முன் மூன்று காரியங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் கெடு உண்டு, அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

பாதுகாப்பு. செய்த ஆள் உங்களை எட்ட முடியாத இடத்தில் இருக்கிறீர்களா? அதே வீட்டில், அதே விடுதியில் இருக்கிறார் என்றால் முதலில் இடம் மாறுங்கள். ஆபத்து இன்னும் ஓயாத இடத்தில் இருந்துகொண்டு எந்தத் தெரபி செய்தாலும் உடம்பு எச்சரிக்கையைத் தளர்த்தாது. தளர்த்தவும் கூடாது.

மருத்துவம். ஹெச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கு 5 நாள் வரை நேரம் உண்டு, ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, மற்றப் பால்வினைத் தொற்றுகளுக்கான பரிசோதனை, காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி இவற்றையும் கேட்டு வாங்குங்கள். மயக்க மருந்து ஏதும் கொடுத்திருப்பார்களோ என்று சந்தேகம் இருந்தால் போனவுடனே சொல்லிவிடுங்கள். சில பொருட்கள் ஒரே நாளில் உடம்பை விட்டுப் போய்விடும்.

தடயம். முடிந்தால் குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் போங்கள். துணியைக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கி தடயம் கெட்டுவிடும். ‘நான் குளித்துவிட்டேனே’ என்று போகாமல் இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். குளித்திருந்தாலும் போகலாம், சிகிச்சைக்கும் அது தடையில்லை, தடயமும் எல்லாம் அழிந்துவிடாது.

சிகிச்சை பெறுவது வேறு, புகார் கொடுப்பது வேறு. பல இடங்களில் இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யலாம். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால் மருத்துவர் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கக்கூடும். விவரம் பேசுவதற்கு முன் ‘இதை யாருக்காவது தெரிவிப்பீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் அன்பாகவே செய்யப்படும் ஒரு தவறு உண்டு. ‘எல்லாத்தையும் சொல்லிடு, மனசு லேசாகும்’ என்று உடனே விவரமாகச் சொல்ல வைப்பது. அதிர்ச்சி நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பின்னால் வரும் பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கூடுதலாகவே நோகடித்தது. இப்போது உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. நீங்களாகப் பேச விரும்பினால் பேசுங்கள். மற்றவர் பிடுங்கி எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

2. முதல் மாதம்: கவனித்துக்கொண்டே காத்திருப்பது

தூக்கம் வராது. வந்தால் கெட்ட கனவு. கதவுச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடும். அந்த வாசனை, அந்த வழி, அந்த மாதிரிச் சட்டை எதையும் பார்க்கப் பிடிக்காது. சிலருக்கு எதுவுமே தோன்றாது, மரக்கட்டை மாதிரி நடமாடுவார்கள். இதெல்லாம் பைத்தியம் பிடிப்பதன் அடையாளம் இல்லை.

1992-இல் வெளியான ஓர் ஆய்வில், வன்புணர்வுக்கு ஆளான 95 பெண்களை வாராவாரம் கவனித்தார்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் 94 சதவீதம் பேருக்கு இந்த அறிகுறிகள் இருந்தன. ஒரு மாதம் கடந்தபோது 65, மூன்று மாதத்தில் 47. இதில் இரண்டு செய்தி இருக்கிறது. ஆரம்பத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருகிறது, பாதிப் பேருக்குத் தானாகவே தணிகிறது. மற்றப் பாதிப் பேருக்கு மூன்று மாதம் ஆகியும் தணியவில்லை.

அதனால்தான் அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பிடிஎஸ்டி (PTSD, அதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்தக் கோளாறு) என்று பெயர் வைக்கிறார்கள். அந்த ஒரு மாதம் சும்மா இருக்கும் மாதம் இல்லை. வேளைக்குச் சாப்பிடுவது, ஒரே நேரத்தில் படுப்பது, நம்பும் ஒருவரோடு தினமும் கொஞ்ச நேரம் இருப்பது, இவை போதும். குடித்துவிட்டுத் தூங்குவதும், கிடைத்த தூக்க மாத்திரையைப் போடுவதும் வேண்டாம். அன்றைக்கு அடங்குவது போல் இருக்கும், மனம் தானாக ஆறுவதற்குக் குறுக்கே நிற்கும்.

காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. செத்துவிடலாம் என்ற எண்ணம், உடம்பில் கீறிக்கொள்வது, நாள் கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லாதது, குடி கட்டுமீறுவது. இதில் ஒன்று இருந்தாலும் மாதக் கணக்குப் பார்க்காமல் இன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்கோ போங்கள். தனியாக இருக்காதீர்கள்.

3. தெரபிஸ்டைத் தேடுவது

எல்லாக் கவுன்சலிங்கும் இதற்கு ஆகாது. ஆறுதலாகக் கேட்பது நல்லதுதான், ஆனால் பிடிஎஸ்டிக்கு அது மட்டும் போதாது. அதிர்ச்சி நினைவை நேரடியாகக் கையாளும் முறையில் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

முதல் போனுக்கே பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இந்த மூன்று வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டு வாசித்தால் போதும்: “எனக்குப் பாலியல் வன்முறை நடந்திருக்கிறது. அதற்கான தெரபி வேண்டும். விவரம் இப்போது சொல்ல விருப்பமில்லை.” இதற்கு மேல் போனில் ஒரு வார்த்தையும் நீங்கள் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

அப்புறம் அவரிடம் கேளுங்கள். எந்த முறையில் பயிற்சி எடுத்தீர்கள்? பொதுவாக எத்தனை அமர்வு ஆகும்? நடுவில் என்னால் முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? குறிப்புகளை யார் பார்க்க முடியும், எந்தச் சூழலில் ரகசியம் காக்க மாட்டீர்கள்? வழக்கு நடக்கிறது என்றால் கடைசிக் கேள்வி மிக முக்கியம். தெரபிக் குறிப்புகளை நீதிமன்றம் கேட்கக்கூடிய இடங்கள் உண்டு. உங்கள் வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுந்து வந்துவிட வேண்டிய இடங்களும் இருக்கின்றன. ‘அந்த நேரத்தில் அங்கே ஏன் போனீர்கள்?’ என்று விசாரிப்பவர். கேட்காமல் தோளைத் தொடுபவர். ‘மன்னித்தால்தான் ஆறும்’ என்பவர். மறந்த நினைவுகளை ஹிப்னாடிசத்தில் தோண்டி எடுக்கிறேன் என்பவர், ஏனென்றால் அப்படித் தோண்டும்போது நடக்காததும் நினைவாகப் பதிந்துவிடும் அபாயம் இருக்கிறது. செய்த ஆளையும் உங்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசலாம் என்பவர்.

தெரபிஸ்ட் ஆணா பெண்ணா என்பது உங்கள் விருப்பம். காரணம் சொல்லத் தேவையில்லை.

4. முதல் அமர்வுக்கு முன்

அமர்வு முடிந்த பிறகு ஒரு மணி நேரமாவது காலியாக வையுங்கள். அலுவலக இடைவேளையில் வந்து, அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு நேரே மீட்டிங்குக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நான்காவது வாரம் நின்றுவிடுவார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும், மற்றவர் கைக்குச் சிக்காத இடத்தில். நம்பகமான ஒருவருக்கு நாளும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும், விவரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆன்லைன் என்றால் ஹெட்போன் கட்டாயம். அறைக்குள் யாராவது வந்துவிட்டால் பேச்சை மாற்றுவதற்குத் தெரபிஸ்டோடு ஒரு சங்கேத வார்த்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உட்காரும் இடத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். என் அறையில் இரண்டு நாற்காலி உண்டு, ஒன்று கதவைப் பார்த்திருக்கும். வருகிறவர் எதில் உட்காருகிறாரோ அதை விட்டுத்தான் நான் மற்றதை எடுப்பேன். ஒருமுறை ஓர் இளைஞர் இரண்டிலும் உட்காராமல் சுவரோரம் நின்றபடியே நாற்பது நிமிடம் பேசினார். நானும் எழுந்து நின்றுகொண்டேன். மூன்றாவது வாரம் அவராக நாற்காலியை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். தன் விருப்பம் பறிக்கப்பட்ட ஒருவருக்கு, ஒரு நாற்காலியைத் தானே தேர்ந்தெடுப்பதும் சிகிச்சைதான்.

5. தரையில் காலூன்றுவது

நடந்ததைத் தொடுவதற்கு முன், தொட்டுவிட்டுத் திரும்பி வரத் தெரிய வேண்டும். நினைவு திடீரென்று மேலே வந்து விழும்போது, மூளைக்கு அது பழைய சம்பவமாகப் படுவதில்லை, இப்போது நடப்பதாகவே படுகிறது. ‘இப்போது இங்கே இருக்கிறேன்’ என்ற செய்தியைப் புலன்கள் வழியாக அனுப்புவதுதான் இந்தப் பயிற்சி.

கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் 5 பொருள், தொட்டு உணரும் 4, கேட்கும் 3, முகரும் 2, சுவைக்கும் 1 என்று மெதுவாக, முடிந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூடவே இன்றைய தேதி, உங்கள் வயது. ‘இப்போது எனக்கு 31 வயது, அப்போது 19’ என்று சொல்வது பலருக்கு மற்ற எல்லாவற்றையும்விட வேலை செய்கிறது.

இங்கே நடக்கும் தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பதற்றம் உச்சத்தில் இருக்கும்போதுதான் முதல் தடவை முயல்வது. நீச்சலை வெள்ளத்தில் கற்க முடியாது. தினமும் நிம்மதியாக இருக்கும்போது இரண்டு முறை பழகுங்கள். இரண்டாவது, பெரிது பெரிதாக மூச்சை இழுப்பது. அது தலைசுற்ற வைக்கும். இழுப்பதைச் சாதாரணமாக விட்டுவிட்டு, வெளியே விடுவதை மட்டும் நீட்டுங்கள். மூன்றாவதைத் தெரபிஸ்டுகளே செய்கிறார்கள்: எல்லோரையும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வது. வாய் பொத்தப்பட்டவருக்கு, கழுத்து நெரிக்கப்பட்டவருக்கு மூச்சே நினைவைக் கிளப்பும். அப்படியென்றால் மூச்சுப் பயிற்சியை விட்டுவிடுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்துங்கள், குளிர்ந்த நீரில் கை வையுங்கள்.

இந்தக் கட்டம் எத்தனை நாள்? 0 முதல் 100 வரை ஒரு பதற்ற அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். 80-இல் இருக்கும்போது நீங்களாகவே 50-க்கு இறக்க முடிந்தால் போதும், அடுத்ததற்குப் போகலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்கள். பதற்றமே வராத நாளுக்காகக் காத்திருந்தால் அது வராது. ‘இன்னும் தயாராகவில்லை’ என்று நீங்களும் தெரபிஸ்டும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டு ஆறு மாதம் போய்விட்டது என்றால், பயந்துகொண்டிருப்பது அவராகவும் இருக்கலாம். வாய்விட்டுக் கேளுங்கள்.

6. நடந்ததை எதிர்கொள்வது

இதுதான் மையம். தவிர்ப்பது அன்றைய நாளை ஓட்ட உதவும், ஆனால் பிடிஎஸ்டியை உயிரோடு வைத்திருப்பதும் அதுதான். நினைவைத் தொடாமலே இருந்தால், அது வெறும் நினைவு, இனி கடிக்காது என்பதை மூளை கற்றுக்கொள்ளவே முடியாது.

நன்றாகச் சோதிக்கப்பட்ட மூன்று முறைகள் இருக்கின்றன. நீடித்த எதிர்கொள்ளல் முறையில் 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 90 நிமிடம். நடந்ததைக் கண்ணை மூடி, இப்போது நடப்பது போலவே சொல்வீர்கள். அதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்பீர்கள். கூடவே, ஆபத்தில்லை என்று தெரிந்தும் நீங்கள் தவிர்க்கிற இடங்களைப் பட்டியலிட்டு, பதற்றம் குறைவானதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போய் நிற்பீர்கள், பதற்றம் இறங்கும் வரை. பாதியில் ஓடிவந்தால் ‘ஓடியதால்தான் தப்பித்தேன்’ என்று உடம்பு பாடம் படிக்கும். இதில் எச்சரிக்கை: பட்டியலில் நிஜமாகவே ஆபத்தான இடமோ ஆளோ இருக்கக் கூடாது.

இரண்டாவது, கண் அசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் (EMDR) முறை. இதில் வாயால் விவரிப்பது குறைவு. நினைவை மனதில் பிடித்தபடி, தெரபிஸ்டின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர்வீர்கள், அல்லது மாறி மாறித் தட்டுவதை உணர்வீர்கள். கண் அசைவு எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் நிபுணர்களுக்குள் வாக்குவாதம் உண்டு. பலன் கிடைக்கிறது என்பதில் பெரிய வாக்குவாதம் இல்லை.

மூன்றாவது, எண்ணங்களைப் பிரித்துப் பார்க்கும் சிபிடி (CPT, Cognitive Processing Therapy) முறை. சுமார் 12 அமர்வுகள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களோடுதான் இது உருவானது. நடந்ததை விலாவாரியாகச் சொல்லாமலும் இதைச் செய்ய முடியும். அதனால் சொல்லவே முடியாதவர்களுக்கு நான் முதலில் காட்டும் கதவு இதுதான். நடந்தது ஏன் நடந்தது, அதனால் உங்களைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் என்ன நம்புகிறீர்கள் என்று முதல் வாரமே ஒரு பக்கம் எழுத வேண்டும். அதில் மனம் சிக்கிக்கொண்ட வாக்கியங்களைத் தேடுவார்கள்.

எப்படி நடக்கும் என்று காட்டுகிறேன். ஒருவருடையது இல்லை, பலர் எழுதியதைச் சேர்த்துச் சொல்கிறேன். தாளில் இருந்த வாக்கியம்: “நான் கத்தவில்லை. அதனால் நானும் சம்மதித்த மாதிரிதான்.”

“அந்த நேரத்தில் உங்கள் உடம்பு எப்படி இருந்தது?” 

“கை கால் மரத்துப்போச்சு. குரல் வரல.” 

“கத்த வேண்டாம் என்று முடிவு செய்தீர்களா, கத்த முடியவில்லையா?” 

நீண்ட மௌனம். நோட்டின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். “முடியல.” 

அன்று அவர் எழுதிய மாற்று வாக்கியம்: “கத்த முடியாமல் உறைந்துபோனேன். உறைந்துபோவது சம்மதம் இல்லை.” எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டேன். 30 சதவீதம் என்றார். நான் 100 ஆக்க முயலவில்லை, அதுதான் இங்கே புதிய ஆலோசகர்கள் செய்யும் பிழை. ‘உங்கள் தப்பே இல்லை’ என்று நாம் நூறு முறை சொல்வதைவிட, அவரே ஒருமுறை கண்டுபிடித்த 30 சதவீதம் நிலைக்கும். நாலைந்து வாரத்தில் அது 70 ஆனது.

உறைந்துபோவது அரிதான விஷயமும் இல்லை. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் அவசர மருத்துவமனைக்கு வந்த 298 பெண்களிடம் கேட்டபோது, 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவில் அசைய முடியாமல் போனதைச் சொன்னார்கள். 2017-இல் வெளியான ஆய்வு அது. இந்தத் தகவலைக் கேட்டதும் தோளை இறக்கி மூச்சு விட்டவர்கள் உண்டு.

எந்த முறை மேல்? 2002-இல் வன்புணர்வுக்கு ஆளான 171 பெண்களிடம் முதல் முறையையும் மூன்றாவதையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன். எனவே உங்களால் தொடர்ந்து செய்ய முடிகிற முறையே உங்களுக்கானது.

இரண்டாவது, மூன்றாவது அமர்வுக்குப் பிறகு கனவும் எரிச்சலும் கொஞ்சம் கூடலாம். பலர் ‘எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று இங்கேதான் நிறுத்துகிறார்கள். கடினமான அமர்வுக்கு அடுத்த அமர்வைத் தவறவிடாதீர்கள், வீட்டுப்பாடம் செய்யாவிட்டாலும் வெறுங்கையோடு வாருங்கள். தூக்கமே போய்விட்டால், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அடுத்த வாரம் வரை வைத்திருக்காமல் அன்றே தெரபிஸ்டுக்குச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைக்கலாம்.

7. மருந்து

செர்ட்ராலின், பராக்ஸெடின் போன்றவை பிடிஎஸ்டிக்குக் கொடுக்கப்படுகின்றன. பலன் தெரியச் சில வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தக் கூடாது. தெரபி கிடைக்காதபோதோ, மனச்சோர்வு எழுந்திருக்கவே விடாதபோதோ நல்ல துணை. எடுத்துக்கொள்ளலாமா என்பதை மனநல மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

8. உடம்பும் நெருக்கமும்

இதைத் தெரபிஸ்ட் கேட்கட்டும் என்று நீங்கள் காத்திருப்பீர்கள், நீங்கள் சொல்லட்டும் என்று அவர் காத்திருப்பார். நீங்களே தொடங்கிவிடுங்கள்.

வன்முறையின்போது உடம்பு கிளர்ச்சி காட்டியிருக்கலாம். ஆண்களுக்கு விறைப்பு, பெண்களுக்கு ஈரம். அது தொடுதலுக்கும் பயத்துக்கும் உடம்பு தானாகக் காட்டும் எதிர்வினை, கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வருவது போல. ஆசையோ சம்மதமோ இல்லை. ஆண்கள் வருடக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

துணையோடு நெருக்கம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் உடலுறவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். கை பிடிப்பது, முதுகைத் தடவுவது என்று மட்டும் சில வாரம். ‘நிறுத்து’ என்று சொன்னால் நின்றுவிடும் என்பதை உடம்பு பலமுறை பார்க்க வேண்டும். அதற்காகவே, பயமில்லாதபோதும் சும்மா ஒருமுறை ‘நிறுத்து’ சொல்லிப் பாருங்கள். சகித்துக்கொண்டு படுத்திருப்பது துணைக்காகச் செய்யும் தியாகம் போலத் தோன்றும், உடம்போ அதைப் பழைய கணக்கில் சேர்த்துவிடும்.

பல் மருத்துவர், மகப்பேறு மருத்துவர் போன்றோரிடம் போகும்போது ‘ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்’ என்றால் போதும். காரணம் கேட்டால் ‘பழைய மோசமான அனுபவம்’ என்று சொல்லுங்கள்.

9. கூட நிற்பவர்களுக்கு

முதலில் சொல்ல வேண்டியவை மூன்றே: ‘நம்புகிறேன்.’ ‘உன் தப்பில்லை.’ ‘இப்போ உனக்கு என்ன வேணும்?’ மூன்றாவதைக் கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம்.

‘அவனை என்ன பண்றேன் பார்’ என்று கொதிக்காதீர்கள். தன் வலியை விட்டுவிட்டு உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவர் தலையில் விழும். அவரைக் கேட்காமல் உறவினரிடம் சொல்லாதீர்கள், அவருக்காகப் புகார் முடிவை எடுக்காதீர்கள். கட்டிப்பிடிப்பதற்கு முன்னும் கேளுங்கள். உங்களுக்கும் தூக்கம் போகும், நீங்களும் ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

குழந்தை என்றால் வேறு ஏற்பாடு. துருவித் துருவிக் கேட்காமல், அது சொன்னதை அதே வார்த்தைகளில் எழுதி வைத்துக்கொண்டு, குழந்தைகளுக்கான பயிற்சி பெற்றவரிடம் போங்கள். அந்தச் சிகிச்சையில் துன்புறுத்தாத பெற்றோரும் பங்கெடுப்பார்கள்.

10. சறுக்கல், அப்புறம் முடிப்பது

நடந்த தேதி, நீதிமன்ற அழைப்பு, பிரசவம், மகளுக்கு உங்கள் அன்றைய வயது ஆவது. இவற்றில் பழைய கனவு திரும்பும். எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். முன்கூட்டித் தெரிந்த தேதிகளைக் காலண்டரில் குறித்து, அந்த வாரத்துக்கு ஓர் அமர்வு கேட்டு வையுங்கள். 5-வது பகுதிப் பயிற்சிக்குத் திரும்புங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

முடிக்கும்போது திடீரென்று நிறுத்தாமல் இரண்டு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று என்று இடைவெளி விடுங்கள். சிபிடி முறையில், கடைசி அமர்வுக்கு ‘ஏன் நடந்தது, இப்போது என்ன நம்புகிறேன்’ என்ற அதே கேள்விக்கு மறுபடி ஒரு பக்கம் எழுதி வருவார்கள். முதலில் புதியதை அவர் வாசிப்பார். பிறகு, முதல் வாரம் அவர் எழுதிய பழைய தாளை எடுத்து நான் வாசிப்பேன். பாதியிலேயே சிலர் கையை நீட்டி நிறுத்தச் சொல்வார்கள், “அதை நானா எழுதினேன்?” என்று. அந்தத் தாளை என்ன செய்வது என்று அவர்களே முடிவு செய்வார்கள். கிழித்தவர்களும் உண்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர்களும் உண்டு.